மாத்திரை சாப்பிட்டும் ஏ.என்.ஏ. ஏன் இறங்கவில்லை?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூத்த மகளுக்கு வயது 11. ஆறு மாதங்களுக்கு முன் லூபஸ், அதாவது எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய், என்று உறுதியானது. அப்போதைய ரத்த அறிக்கையில் ஏ.என்.ஏ. 1:640, சி3 0.42, சி4 0.05, டிஎஸ்-டிஎன்ஏ ஆன்டிபாடி 300. சென்ற வாரம் வந்த அறிக்கையில் ஏ.என்.ஏ. அதே 1:640, சி3 0.78, சி4 0.09, ஆன்டிபாடி 110. ஏ.என்.ஏ. கொஞ்சமும் அசையவில்லையே, மருந்து வேலை செய்யவில்லையா என்று கேட்கிறார். ஸ்டீராய்டால் பிள்ளையின் முகம் உப்பிவிட்டது; வீட்டுப் பெரியவர்கள் மாத்திரையை நிறுத்திவிட்டு எதிர்ப்புச் சக்தி மாவு கரைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள்; 7 வயதுத் தங்கைக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்தத் தாளில் உள்ள எண்களில் எதைப் பார்த்துப் பயப்படுவது, எதைப் பார்த்து ஆறுதல் கொள்வது?

சகோதரி, நான் மருத்துவன் அல்லன். ஆய்வகத்தில், நோயெதிர்ப்புப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். நீங்கள் குறிப்பிட்ட இந்தச் சோதனைகளைக் கையால் செய்து, அறிக்கையில் எண் எழுதி அனுப்பியவன். எனவே எந்த எண் எப்படிப் பிறக்கிறது, அது எவ்வளவு உறுதியானது என்று சொல்ல முடியும். மாத்திரையின் அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ உங்கள் மகளைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் வேலை. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் நீங்கள் கொடுத்த எண்களை மட்டும் வைத்து ஒன்றைத் தயங்காமல் சொல்லலாம். உங்களைக் கலங்கவைத்த எண் பொருட்படுத்த வேண்டாதது. நீங்கள் தாண்டிப் போன மற்ற மூன்றும் நல்ல திசையில் நகர்ந்திருக்கின்றன.

ஏ.என்.ஏ. என்பது நம் சொந்தச் செல்லின் உட்கருவையே பகையாக எண்ணித் தாக்கும் ஆன்டிபாடிகளுக்கான சோதனை. இதற்கு மனிதச் செல்களைக் கண்ணாடிச் சில்லில் வளர்த்து வைத்திருப்பார்கள். உட்கரு பெரிதாகத் தெரியும் ஒரு புற்றுநோய்ச் செல் வகை அது. பிள்ளையின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை 80 மடங்கு, 160, 320, 640 என்று இரட்டித்து இரட்டித்து நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டை அந்தச் செல்கள்மேல் விடுவோம். ஆன்டிபாடி இருந்தால் உட்கருவில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழுவி, ஒளிரும் சாயம் ஏற்றிய இன்னொரு ஆன்டிபாடியை அதன்மேல் விட்டு, இருட்டறையில் நுண்ணோக்கியில் பார்ப்போம். லூபஸ் பிள்ளையின் சில்லில் கறுப்புப் பின்னணியில் உட்கருக்கள் ஒவ்வொன்றும் பச்சை ஆப்பிள் நிறத்தில் பளபளக்கும். நீர்க்க நீர்க்க ஒளி மங்கும். கடைசியாக ஒளி தெரிகிற நீர்மம் எதுவோ அதுதான் அறிக்கையில் வரும் எண். 640இல் தெரிகிறதா, 1280இலும் லேசாகத் தெரிகிறதா என்பதைப் பெரும்பாலும் பார்ப்பவரின் கண்தான் முடிவு செய்கிறது. ஒரே சீரத்தை இரண்டு பேர் பார்த்து, ஒருவர் 320 என்றும் மற்றவர் 640 என்றும் எழுதுவது இந்தச் சோதனையில் இயல்பான ஏற்ற இறக்கம். அதை யாரும் பிழையாகக் கருதுவதில்லை.

இதனால்தான் நோய் உறுதியான பிறகு ஏ.என்.ஏ.வைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பயன் இல்லை. நோய் அடங்கி, பிள்ளை பள்ளிக்குப் போய், ஓடி விளையாடும் ஆண்டுகளிலும் அது 1:640ஆகவே நிற்கலாம். இது என் சொந்தக் கருத்து அல்ல. வாதநோய் மருத்துவர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட நிலைப்பாடு. ஏ.என்.ஏ.வின் வேலை வாசலோடு முடிந்துவிடுகிறது. லூபஸ் உள்ளவர்களில் 95 விழுக்காட்டுக்கும் மேலானவர்களுக்கு அது இருப்பதால், இல்லையென்றால் மருத்துவர் வேறு நோயைத் தேடுவார். 2019இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டிலும் 1:80 என்ற அளவு ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும் என்பது நுழைவுத் தகுதியாக மட்டுமே வருகிறது. நோய் எவ்வளவு தீவிரம் என்று அளக்கும் இடத்தில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

டிஎஸ்-டிஎன்ஏ ஆன்டிபாடி வேறு ரகம். இது நம் மரபணு இழையையே குறிவைப்பது. ஏ.என்.ஏ.வைப் போல லூபஸ் உள்ள எல்லோருக்கும் வராது. வந்தால் பெரும்பாலும் லூபஸ்தான். இதைச் சோதிக்கும் முறைகளில் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு தீர்வதில்லை. ஈக்களின் உடலில் ஒட்டுண்ணியாக வாழும் ஓர் ஒற்றைச் செல் உயிரி இருக்கிறது. அதன் வாலடியில் ஒரு சிறு பொட்டு. அதில் வேறு கலப்பு இல்லாத இரட்டை இழை டிஎன்ஏ சுருண்டு கிடக்கிறது. சீரத்தை அதன்மேல் விட்டால், அந்தப் பொட்டு மட்டும் ஒளிர்ந்தால், ஆன்டிபாடி டிஎன்ஏவைத்தான் பிடித்திருக்கிறது என்பதில் ஐயமே இல்லை. உங்கள் அறிக்கையில் 300, 110 என்று எண்ணாக வந்திருப்பதால் அது எலைசா போன்ற இயந்திர முறை. அதுவும் நல்ல முறைதான். ஆனால் ஒரு கம்பெனியின் கிட்டில் வரும் 110ஐ இன்னொரு கம்பெனியின் கிட்டில் வரும் 110உடன் ஒப்பிடக் கூடாது. ஒருமுறை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியிலும் அடுத்த முறை ஒரு தனியார் லேபிலும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கவலைப்படும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரே இடத்தில் எடுத்த எண்களை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

சி3, சி4 இரண்டும் காம்ப்ளிமென்ட் எனப்படும் புரதங்கள். கிருமியைத் தாக்குவதற்கென்று கல்லீரல் முக்கியமாக உற்பத்தி செய்து ரத்தத்தில் விட்டு வைத்திருக்கும் படை. லூபஸில் ஆன்டிபாடியும் டிஎன்ஏ துணுக்கும் கட்டுக்கட்டாகச் சேர்ந்து சிறுநீரகத்திலும் தோலிலும் போய்ப் படியும்போது, அந்தக் கட்டுகள் இந்தப் புரதங்களை இழுத்துச் செலவழிக்கின்றன. கல்யாண வீட்டில் அரிசி மூட்டை குறையும் வேகத்தைப் பார்த்தே உள்ளே பந்தி மும்முரமாக நடக்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதுபோல. சி3 0.42 என்றால் உள்ளே அழற்சி கடுமையாக நடந்துகொண்டிருந்தது. இப்போது 0.78. பல ஆய்வகங்களில் இயல்பான அளவு 0.9 அளவில் தொடங்குவதால் இன்னும் முழுமையாக மீளவில்லை, ஆனால் மீண்டுகொண்டிருக்கிறது. டிஎஸ்-டிஎன்ஏ மூன்றில் ஒரு பங்காகியிருக்கும் நேரத்திலேயே சி3 ஏறியிருப்பது ஒன்றையொன்று உறுதிப்படுத்துகிறது. இந்த இரண்டும் எதிரெதிர் திசையில் போவதுதான் மருத்துவர்கள் பார்க்க விரும்புவது.

இதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. காய்ச்சல், தொற்று வந்தால் கல்லீரல் சி3யைக் கூடுதலாகச் சுரக்கும். அப்போது செலவாவது மறைந்து, எண் நன்றாக இருப்பதுபோல் காட்டலாம். சி4 மரபணுக்கள் சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு நோய் முற்றிலும் அடங்கிய பிறகும் சி4 தாழ்ந்தே இருக்கும். உங்கள் மகளின் சி4 0.09ஐத் தாண்டாமல் நின்றுவிட்டாலும் அதை மட்டும் வைத்து அஞ்ச வேண்டாம். சி3 குறைந்தாலே லூபஸ் என்றும் இல்லை. சிரங்கு, தொண்டைப்புண் வந்து சில வாரங்கள் கழித்துச் சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகும் பிள்ளைகளுக்கும் சி3 விழும். அது பெரும்பாலும் 6 முதல் 8 வாரங்களில் தானாக ஏறிவிடும். இதைச் சொல்வதற்குக் காரணம், பள்ளி நண்பர்களின் பெற்றோர் யாராவது தங்கள் பிள்ளையின் அறிக்கையோடு உங்களிடம் வந்தால் நீங்கள் அவர்களைப் பயமுறுத்திவிடக் கூடாது.

உறுதியானது இதுவரை. இனிச் சொல்லப்போவதில் மருத்துவர்களுக்கிடையேயே ஒத்த கருத்து இல்லை. பிள்ளை நலமாக இருக்கிறாள், சிறுநீர் சுத்தம், ஆனால் டிஎஸ்-டிஎன்ஏ மட்டும் ஏறுகிறது. அப்போது மருந்தைக் கூட்ட வேண்டுமா? நோய் தலைதூக்கும் முன்பே அடக்கிவிடலாம் என்பது ஒரு சாராரின் வாதம். எண்ணுக்கு மருந்து கொடுத்தால் தேவையில்லாமல் ஸ்டீராய்டின் கேட்டைப் பிள்ளை சுமக்கும் என்பது மறு சாராரின் வாதம். சிலருக்கு ஆன்டிபாடி ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருந்தும் உடலில் ஒன்றும் நடப்பதில்லை. அந்த நிலையில் பெரும்பாலான மருத்துவர்கள் செய்வது, பிள்ளையை வரவழைக்கும் இடைவெளியைச் சுருக்கி, கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பது. உங்கள் மருத்துவர் "பார்க்கலாம்" என்று சொன்னால் அது அலட்சியம் அல்ல என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

புதிய சோதனைகள் ஏதாவது இருக்கிறதா என்றும் நீங்கள் கேட்பீர்கள் என்று தோன்றுகிறது. குழந்தை லூபஸில் நடந்த ஆராய்ச்சிதான் இந்தத் துறைக்கே ஒரு கதவைத் திறந்தது. 2003இல் அமெரிக்காவின் டல்லாஸில் லூபஸ் பிள்ளைகளின் ரத்த அணுக்களில் எந்தெந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்தபோது, இன்டர்ஃபெரான் என்ற, வைரஸை எதிர்க்கும் சமிக்ஞையால் தூண்டப்படும் மரபணுக்கள் கூட்டமாக விழித்திருந்தன. வைரஸே இல்லாமல், வைரஸ் வந்ததுபோல் உடல் ஓயாமல் அலறிக்கொண்டிருக்கிறது. அதே நகரத்து ஆய்வாளர்கள் 2016இல், 158 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்டதில், நோய் ஏறி இறங்குவதோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து நகர்ந்தது ஆன்டிபாடி சுரக்கும் இளம் பி அணுக்களின் அடையாளம் என்றும், பிள்ளைகள் ஏழு வெவ்வேறு குழுக்களாகப் பிரிகிறார்கள் என்றும் கண்டார்கள். ஒரே பெயர் கொண்ட நோய், உள்ளே பல நோய்கள். இவற்றை அளக்கும் சோதனைகள் வழக்கமான பரிசோதனைப் பட்டியலுக்கு வரவில்லை. பணம் கட்டினால் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் அவசரப்பட வேண்டாம். ஆனால் அந்த அறிவு மருந்தாக மாறத் தொடங்கிவிட்டது. பி அணுக்களை வாழவைக்கும் சமிக்ஞையைத் தடுக்கும் பெலிமுமாப், 2019இல் அமெரிக்காவில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ள லூபஸ் பிள்ளைகளுக்கு அனுமதிக்கப்பட்டது.

இப்போது நான் உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று. ரத்தத்தின் நான்கு எண்களை எழுதினீர்கள். சிறுநீர் அறிக்கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு லூபஸ் சிறுநீரகத்தை அதிகமாகத் தாக்குகிறது. ஏறத்தாழ பாதிப் பேருக்கோ அதற்கும் மேலோ, அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். அது வலிக்காது. கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துத் தெரியும் முன்பே நெடுநாள் நடந்திருக்கும். ஆகவே சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் எவ்வளவு என்று அடுத்த முறை கேட்டு, உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு மில்லிமோல் கிரியாட்டினினுக்குப் புரதம் 50 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்க்கும் பேச்சு வரும். அதற்குப் பயந்து தேதியைத் தள்ளிப்போடாதீர்கள், எந்த மருந்து வேண்டும் என்று அதுதான் காட்டிக் கொடுக்கும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொண்டு போங்கள். வளரும் பிள்ளைகள் சிலருக்கு, நோயே இல்லாவிட்டாலும், பகலெல்லாம் நின்று நடந்த பிறகு சிறுநீரில் சற்றுப் புரதம் கசியும்; படுத்துறங்கி எழுந்தவுடன் எடுத்தால் அந்தக் குழப்பம் இராது. மாதவிலக்கு நாள்களாக இருந்தால் அதைத் தாதியிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டு, ரத்தம் கலந்த சிறுநீர் என்று அறிக்கை போய், வீடே கலங்கிய சம்பவங்கள் உண்டு.

நம் ஊரில் இருப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று காய்ச்சல். மழைக்காலத்தில் காய்ச்சலோடு வெள்ளை அணுக்களும் பிளேட்லெட்டும் குறைந்தால் கிளினிக்கில் முதலில் டிங்கி என்றுதான் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். ஆனால் லூபஸ் தலைதூக்கும்போதும் அதே இரண்டும் குறையும். காய்ச்சல் லூபஸாலா பாக்டீரியாத் தொற்றாலா என்று பிரித்தறிய உதவும் ரத்தச் சோதனைகளில் சிஆர்பி ஒன்று. லூபஸ் மட்டும் கிளம்பும்போது, அழற்சியைக் காட்டும் இன்னொரு சோதனையான ஈஎஸ்ஆர் ஏறினாலும் சிஆர்பி பெரும்பாலும் அதிகம் ஏறுவதில்லை. அது எகிறினால் பாக்டீரியாத் தொற்றைத் தேடுவார்கள். நுரையீரல் உறையிலோ மூட்டிலோ அழற்சி இருந்தால் இந்தக் கணக்கு பொய்க்கும் என்பதால் வீட்டிலிருந்தபடி நாமே முடிவு கட்டக் கூடாது. காய்ச்சல் வந்த அன்றே போங்கள். லூபஸ் என்பதையும் என்னென்ன மாத்திரை என்பதையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பாராசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். டிங்கியாக இருந்தால் அவை ரத்தக்கசிவைக் கூட்டலாம்; சிறுநீரகத்துக்கும் ஆகாது.

எதிர்ப்புச் சக்தி மாவைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. இருக்கும் சக்தி தவறான இலக்கைத் தாக்குகிறது. அதைத் தூண்டும் என்று விற்கப்படும் எதுவும் இந்தப் பிள்ளைக்கு உதவி செய்யாது. அல்ஃபால்ஃபா, எக்கினேசியா, ஸ்பைருலினா வகைகளை உட்கொண்டபின் லூபஸ் கிளம்பியதாக மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு. நம் நாட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பாரம்பரிய மருந்து என்ற பெயரில் சந்தையில் விற்கும் சில ஜாமு, மாஜுன் வகைகளில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டைக் கள்ளத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. ஒரு பக்கம் ஸ்டீராய்டைப் பயந்து நிறுத்திவிட்டு, மறுபக்கம் அளவு தெரியாத ஸ்டீராய்டைக் கரைத்துக் கொடுப்பதாகிவிடும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்கில் எடுத்த உடல், தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோனைச் சுரப்பதை நிறுத்தி வைத்திருக்கும். திடீரென்று மாத்திரையை விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். முகம் உப்புவது பிள்ளைக்கு எவ்வளவு வேதனை என்பது எனக்குத் தெரியும். 11 வயதில் பள்ளியில் கேலி செய்வார்கள், கண்ணாடி பார்க்கவே மாட்டாள். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைக்கும்போது அந்த உப்பல் வடியும். டிஎஸ்-டிஎன்ஏ இறங்கி சி3 ஏறுகிறது என்பது அந்தக் குறைப்புக்கு வழி பிறக்கிறது என்பதற்கும் நல்ல அறிகுறி. வீட்டுப் பெரியவர்களிடம் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்து, சி3 என்ற வரியை மட்டும் விரலால் காட்டுங்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள், எண் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்தால் இசைவார்கள்.

தங்கையின் விஷயம். உடல்நலக் குறை ஏதும் இல்லாத பிள்ளைக்கு ஏ.என்.ஏ. எடுக்க வேண்டாம். பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், நோயே இல்லாத பெரியவர்களில் 1:80 அளவில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினருக்கும், 1:160இல் 5 விழுக்காட்டினருக்கும் ஏ.என்.ஏ. இருந்தது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு பிள்ளைகளுக்குச் சில காலம் தோன்றி மறைவதும் உண்டு. எடுத்துப் பார்த்து இருக்கிறது என்று வந்துவிட்டால், ஒரு நோயும் இல்லாத பிள்ளையை ஆண்டுக்கணக்கில் பயத்தோடு பார்த்துக்கொண்டிருப்பீர்கள். லூபஸ் வருபவர்களுக்கு அறிகுறி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆன்டிபாடிகள் ரத்தத்தில் இருந்தன என்று அமெரிக்க ராணுவத்தினரின் சேமித்து வைத்த சீரத்தைக் கொண்டு 2003இல் காட்டியிருக்கிறார்கள். அது உண்மை. ஆனால் ஆன்டிபாடி உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை; வராமல் தடுக்க நலமான பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்தும் இல்லை. உடன்பிறப்புக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான் என்றாலும், பெரும்பாலான உடன்பிறப்புகளுக்கு வருவதில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. நீங்களும் கணவரும் மாமன் மகள், அத்தை மகன் போன்ற நெருங்கிய சொந்தமாக இருந்து, மூத்தவளுக்குத் தொந்தரவு மிகச் சிறு வயதிலேயே, 5 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். சி1கியூ போன்ற காம்ப்ளிமென்ட் புரதங்களில் ஒன்று பிறவியிலேயே இல்லாமல் போய் லூபஸ் வரும் குடும்பங்கள் உண்டு. மிக அரிது, ஆனால் அப்படியானால் தங்கையைப் பரிசோதிப்பதில் பொருள் இருக்கிறது. குழந்தைகளின் வாதநோய்க்கென்றே பிரிவு வைத்திருக்கும் செலாயாங் மருத்துவமனைக்கு எழுதிக் கேட்கச் சொல்லி, பார்க்கும் மருத்துவரிடமே வேண்டலாம். இல்லையென்றால் தங்கையைக் கண்ணால் கவனித்தால் போதும். காரணம் தெரியாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் காய்ச்சல், காலையில் விரல் மடக்க முடியாத வலி, மேலண்ணத்தில் வலியில்லாத புண், கொத்தாகக் கொட்டும் முடி, வெயிலில் பள்ளித் திடலில் நின்று வந்தபின் கன்னத்தில் படரும் தடிப்பு. கடைசியாகச் சொன்னதில் கவனம் வேண்டும். புத்தகப் படங்களில் அது சிவப்பாக இருக்கும். நம் நிறத்தில் கருஞ்சிவப்பாக அல்லது கருப்பாகத் தெரியும், மங்கு என்று சொல்லி விட்டுவிடுவோம். மூக்குத் தண்டின் மேலும் இரு கன்னங்களிலும் இருந்து, மூக்கோரத்து மடிப்பை மட்டும் விட்டுவைத்திருந்தால், அன்றே கிளினிக்குக்கு அழைத்துப் போய் அக்காவுக்கு லூபஸ் இருப்பதைச் சொல்லுங்கள். அப்போது ரத்தம் எடுக்கலாம். அப்போது வரும் ஏ.என்.ஏ.வுக்கு அர்த்தம் உண்டு.